முடிஞ்சு போச்சு என்று சொன்னது நான்தான்

"கேஸ் முடிஞ்சு போச்சு தம்பி, இனி ஒன்னுமில்ல." வக்கீல் குமாஸ்தாவாக இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. அந்தப் பையனிடமும் சொன்னேன், கோத்தகிரியில், கோர்ட் வாசலில் வைத்து. எஸ்டேட் கூலியை விட்டுவிட்டு வந்திருந்த அவன் அம்மா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நாலு வருஷம் கழித்து ஒரு கடிதத்தோடு வந்தான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்து, உடல்தகுதி எல்லாம் தாண்டி, கடைசியில் நன்னடத்தைச் சரிபார்ப்பில் நின்றுவிட்டது. காவல் பணி விதி 14(பி)யின்படி, சந்தேகத்தின் பலனில், அதாவது குற்றம் உறுதியாக நிரூபிக்கப்படாததால், விடுதலையானவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவர்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008லேயே அதைச் சரி என்று சொல்லிவிட்டது.

"விடுதலைன்னுதானேண்ணா சொன்னீங்க? இதை அழிக்க ஒரு மனு போடுங்களேன்."

அழிப்பதற்கு மனு! பதினெட்டு வயதுக்குள் நடந்திருந்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவைக் காட்டிப் பதிவேட்டை அழிக்கக் கேட்கலாம். அடிதடி நடந்தபோது இவனுக்குப் பத்தொன்பது. பெரியவர்களுக்கு அப்படி ஒரு பொதுவான வழியே நம் சட்டத்தில் கிடையாது.

வழக்கு அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323 பிரிவுகளில். கைகலப்புக்கான 323ஐ இரு தரப்பும் பேசி ராஜி செய்யலாம்; கெட்ட வார்த்தைக்கான 294(பி)யை ராஜி செய்ய முடியாது. வேடிக்கைதான், அடித்ததை மன்னிக்கலாம், திட்டியதை மன்னிக்கக் கூடாது. அதனால் என்ன நடக்கும்? வெளியே சமாதானம் ஆகிவிடும், சாட்சிகள் கூண்டில் ஏறி "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பார்கள். தீர்ப்பில் சந்தேகத்தின் பலன் என்று வரும். காலங்காலமாக இப்படித்தான், நான் கண்டுபிடித்ததில்லை.

வேறு வழியும் இருந்தது. ராஜியைக் காட்டி, அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482ஆம் பிரிவில் மனு போட்டு, உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யக் கேட்டிருக்கலாம். இப்படிப்பட்ட வழக்குகளில் அது முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2012லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் மேட்டுப்பாளையம் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, சென்னையில் ஒரு வக்கீல் வைத்து... அந்த அம்மாவால் எங்கே முடியும் என்று நானே முடிவு செய்துவிட்டேன். சீனியர் வக்கீலிடம் சொல்லவில்லை, அந்த அம்மாவிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கம்மலை அடகு வைத்திருப்பாரோ என்னவோ. அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை என்று சில நாள் சொல்லிக்கொள்வேன். சில நாள் அது எனக்கே பொய்யாகப் படும்.

ரத்தாகியிருந்தால் வேலை கிடைத்திருக்குமா? அதையும் அடித்துச் சொல்ல முடியாது. விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்ற கேள்விக்கு "ஆம்" என்று எழுதச் சொன்னதும் நான்தான். மறைத்துப் பிறகு தெரிந்தால் வேலையை மறுக்க அதுவே தனிக் காரணமாகிவிடும். அதிலாவது நான் தவறவில்லை.

ஆனால் ஒன்று. வழக்குக்கு முன்பே, விடிகாலையில் அவன் கோடநாடு ரோட்டில் பனியில் ஓடிப் பழகுவதை முதல் பஸ்ஸிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். எதற்காக ஓடுகிறான் என்று தெரியாதா எனக்கு?

போன வாரம் இன்னொரு அம்மா. "விடுதலை ஆயிடுச்சும்மா" என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

"அப்ப கேஸ் முடிஞ்சுதுங்களா?"

"சீனியரைக் கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.