சாட்சிக் கையெழுத்து காட்டிய வழி

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஓடு சரிந்து கிடந்த வீட்டைத் தெருவே 'பினாங்கார் வீடு' என்றுதான் சொல்லும். பெயர் யாருக்கும் தெரியாது. இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் கூரை போனபிறகு ஐப்பசி மழை முழுவதும் அந்தச் சுவரில் இறங்கியது. அம்மா படுக்கும் அறையில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் யாரிடம் போய்க் கேட்பது?

கிராம நிர்வாக அலுவலரிடம் நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) சர்வே எண்ணைக் கேட்டுப் பட்டாவைப் பார்த்தேன். பெயர் இருந்தது, ஆள் இறந்து பல வருடங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் வில்லங்கம் போட்டால் ஒரு பதிவும் இல்லை. மகிழ்ந்தேன். பிறகுதான் உறைத்தது: வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும், சாவும் வாரிசும் வராது.

அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடினேன். 1958ஆம் ஆண்டுக் கிரையப் பத்திரம் கிடைத்தது. நகலை வாங்கி அலுவலக வாசலிலேயே படித்தேன். நான்கெல்லையில் என் தாத்தாவின் பெயர், தகப்பனார் பெயரோடு, 'வீட்டுக்குக் கிழக்கு' என்று. அந்த வரியை விட்டுக் கண் நகரவில்லை.

கடைசிப் பக்கத்தில் இரண்டு சாட்சிகள். ஒருவர் பக்கத்து ஊர். சொத்து வாங்கியவர் கப்பலேறிப் போயிருக்கலாம். சாட்சி போட்டவர் பெரும்பாலும் உறவாகவோ சிநேகிதராகவோ இருப்பார், அவர் குடும்பம் ஊரில் இருக்கும். தேடுகிறவர்கள் இதை அவசியம் கவனியுங்கள். அந்தச் சாட்சியின் மகன், எண்பதைத் தாண்டியவர், "அவர் எனக்குச் சித்தப்பா முறை" என்று சொல்லி, திருச்சியில் இருக்கும் அந்தச் சித்தப்பாவின் மூத்த மகளின் எண்ணைக் கொடுத்தார்.

அந்த அம்மாள் விலையைக் கேட்கவில்லை. "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்றார். தாத்தாவின் பெயரைச் சொன்னேன். "திண்ணையில் எங்களைப் பல்லாங்குழி ஆட விடுவாரே, அவர் பேரனா?"

வாரிசுகள் மூவர், இளைய மகள் மலேசியாவில். "பெண்களுக்குச் சீர் செய்தாயிற்று, என் கையெழுத்துப் போதும்" என்றார் மகன். பத்திர எழுத்தரும் தலையாட்டினார். நான் ஒப்பவில்லை. தகப்பனார் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, உயிலும் இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. சீர் வேறு, பங்கு வேறு. இரண்டு பெண்களை ஒதுக்கிவிட்டு வாங்கும் வீடு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அவரே அழைத்துச் சம்மதித்தார்.

வாரிசுச் சான்றிதழுக்கு ஐந்து மாதம் நடந்தேன். இளையவர் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் தன் சார்பில் கையெழுத்துப் போட அக்காவுக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பினார். வெளிநாட்டுப் பவர் இங்கே வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், மறந்தால் சிக்கல். வக்கீல் நாளிதழில் பொது அறிவிப்பும் கொடுத்தார். ஆட்சேபம் எதுவும் வரவில்லை.

பதிவுச் செலவு முத்திரைத் தீர்வை 7, கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9. பதிவு நாளன்று மூத்தவர் 1958ஆம் ஆண்டு மூலப்பத்திரத்தை மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். புதிய பத்திரத்தில் மேற்கெல்லையில் என் பெயர் மட்டும் இருப்பதைப் பார்த்து, "இவன் தாத்தா பெயரையும் போடுங்கள்" என்றார். போட்டோம்.

பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்திருக்கிறேன். தை பிறந்ததும் நடுச்சுவர் வேலை தொடங்குகிறது.