சேணக் கொம்புக்குத் தோல் போர்த்தியது: இரண்டாம் முயற்சி

டெக்சாஸில் ஒரு பண்ணை ஏலத்தில், கௌபாய்கள் குதிரைக்குப் போடும் பழைய வெஸ்டர்ன் சேணம் ஒன்று மலிவாகக் கிடைத்தது. முன்னால் துருத்தி நிற்கும் கொம்பில் தோல் கிழிந்து, உள்ளே இருந்த இரும்பு எட்டிப் பார்த்தது. மாட்டுக்குச் சுருக்கு வீசுகிறவர்கள் கயிற்றின் மறுமுனையை இந்தக் கொம்பில்தான் சுற்றிக்கொள்வார்கள். மாட்டின் இழுவை முழுக்க இங்கேதான் விழும்.

முதல் முயற்சி போன வாரமே பாழ். உப்புத்தாள் போட்டு இரும்பைப் பளபளவென்று தேய்த்து, நனைத்த தோலை இழுத்துக் கட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் தோல் முழுக்க நீலக் கறுப்புத் திட்டுகள். மரப்பட்டையில் பதனிட்ட தோலின் துவர்ப்புச் சத்து ஈர இரும்பைத் தொட்டால் மையாகிவிடும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை செய்த ஊரிலிருந்து வந்தவனுக்கு இது உறைக்கவில்லை!

சரி, இந்த முறை இரும்புக்கு இரண்டு கோட் வார்னிஷ் அடித்து நன்றாகக் காயவிட்டேன். 5 மில்லிமீட்டர் தடிமனான தோலில் மேல்துண்டு ஒன்று, கீழ்த்துண்டு ஒன்று. கீழ்த்துண்டின் நடுவே கொம்பின் கழுத்துக்கு ஓட்டை. அதிலிருந்து ஓரம் வரை ஒரு கீறல். குமிழி அடங்கும்வரை தண்ணீரில் ஊறவைத்து, இரவு முழுக்கப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். மறுநாள் தோல் களிமண் மாதிரி சொன்னபடி கேட்டது. வடிவம் பிடித்துக் காய்ந்த பிறகுதான் ஒட்டுவதற்குச் சொல்யூஷன் தடவினேன். ஈரத்தோலில் அது பிடிக்காது.

தையல்தான் உயிரை எடுத்தது. கொம்பின் விளிம்புக்கு வெளியே இரண்டு துண்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று நிற்கும் இடத்தில் தைக்க வேண்டும். மேலே ஒழுங்காகக் குத்தினாலும், அடியில் குத்தூசியின் முனை எங்கே வருகிறது என்பதைக் கழுத்து மறைத்துவிடுகிறது. இடது ஆள்காட்டி விரலை அடியில் வைத்துத் தடவித் தடவிக் குத்தினேன். விரலிலும் இரண்டு குத்து. மெழுகு பூசிய நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் எதிரெதிராக நுழைத்து இழுத்துச் சுற்றிவர மூன்று மணி நேரம். அடியில் ஓரிடத்தில் தையல் பாம்பு மாதிரி நெளிகிறது. பிரிக்கத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

அப்புறம் மிச்சத்தை வெட்டி, ஓரத்தைச் சீவி, ஈரத்துணியால் தேய்த்ததில் மினுமினுப்பு வந்தது. கழுத்தைச் சுற்ற இன்னும் தோல்வார் வாங்கவில்லை. அது வரும்வரை கயிறு சுற்றிப் பார்ப்பதாக இல்லை.