கண்மாயைத் தோண்டினால் மட்டும் போதுமா?

ராமநாதபுரத்தை ‘வறட்சி மாவட்டம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிற பூமி அது. சிக்கல் என்னவென்றால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும், அதுவும் சில நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓடிவிடும். அந்தச் சில நாள் தண்ணீரைப் பிடிக்கத்தான் முன்னோர்கள் ஒன்றின் கலுங்கு (உபரி நீர் வெளியேறும் இடம்) வழிந்தால் அடுத்ததற்குப் போகிற மாதிரி கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளை, கோர்த்து வைத்தார்கள்.

இப்போது நாம் போடும் திட்டமோ ஒவ்வொரு கண்மாயையும் தனித்தனியாகப் பார்க்கிறது. 2017-இல், ஊர்மக்களே சேர்ந்து நீர்நிலையைச் செப்பனிடும் குடிமராமத்து மறுபடி வந்தபோது நல்ல விஷயம்தான் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் தூர்வாருவது என்றாலே ஜேசிபி எளிதாக இறங்குகிற இடத்தில் பள்ளம் பறிப்பது என்று ஆகிவிட்டது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறாது. ஆடு மாடு குடிக்கும், நிலத்தடியில் கொஞ்சம் இறங்கும், சரி. புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானம் பார்த்துக் காத்திருப்பவருக்கு என்ன பயன்?

அவருக்கு வேண்டியது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால். அதுதான் ஆக்கிரமிப்பிலும் சீமைக்கருவேலத்திலும் அடைந்து கிடக்கிறது. இதில் கூத்து என்னவென்றால், ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத் துறையிடம், குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். மேல் கண்மாய் ஒருவரிடமும் கீழ்க் கண்மாய் இன்னொருவரிடமும் இருந்தால் நடுவில் இருக்கிற கால்வாயை யார் கவனிப்பது? கலெக்டர் ஆபீசில் ஒரே மேஜையில் ஒரே வரைபடத்தை விரித்து, மேலிருந்து கீழ்வரை தொடர் முழுக்க ஒரே வேலையாக எடுத்தால்தான் இது நகரும்.

அப்புறம், சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. வரத்துக்காலில் இருப்பதை முதலில் பிடுங்கட்டும். ஆனால் மழை பொய்த்த வருஷத்தில் அதே மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் நிலமில்லாத பல குடும்பங்கள் கோடையைத் தாண்டுகின்றன. அவர்களுக்கு மாற்று வேலை என்ன, அது எந்த மாதத்தில் கிடைக்கும், கூலி எவ்வளவு என்று அதே திட்டத்தில் எழுதியாக வேண்டும்.