ஜிப்சிக்குப் பின்னால் ஒரு படகு

மைத்துனரின் ஃபைபர் படகை மதுரையிலிருந்து ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துக்கு இழுத்துச் செல்லப்போவது என் 1998 மாடல் மாருதி ஜிப்சி ஜீப். ரேடியேட்டரைத் திறந்தால் ஆற்றுமணல் நிறத்தில் தண்ணீர். பின்பக்கக் கமான் பட்டையில் விரிசல். இரண்டும் மாற்றியாயிற்று.

படகை ஏற்றிய டிரெய்லரை மாட்டும் கொக்கியை பம்பரில் பற்றவைக்கலாம் என்றார் வெல்டர். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில்தான் போல்ட் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். படகும் டிரெய்லரும் சேர்ந்து 500 கிலோ. அதில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அழுந்த வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். உடல் எடை பார்க்கும் தராசைக் கொக்கிக்கு அடியில் வைத்தேன்: 58 கிலோ. "என்னைவிட ஒல்லி" என்றாள் மனைவி.

படகை மிதக்கவிட டிரெய்லரின் சக்கரங்களும் தண்ணீரில் இறங்கும். ஓடிச் சூடான வீல் பேரிங்கை உடனே கடலில் இறக்கினால், குளிரும்போது உப்புநீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே மண்டபம் போனதும் முதலில் நிதானமாக டீ, பிறகுதான் படகு. மைத்துனரிடம் இன்னும் சொல்லவில்லை.