ஆடி பதினெட்டு வரை

ஜூலை 3, 2024, புதன்

பார்க்கிங்கில் அந்தப் புல்லட்காரன் பையன் முன்னாலேயே அறைந்த கன்னத்தில் ஒன்றுமில்லை. கண்ணாடியில் மூன்று தடவை பார்த்தாயிற்று. வீக்கம்கூட இல்லை.

ஜூலை 5, வெள்ளி

ராத்திரி ஒன்றரை. வயது 42, எடை 84, இடது முழங்கால் மாடிப்படி ஏறினால் கடகடவென்கிறது. இந்த உடம்புக்கு எந்தச் சண்டைக்கலை ஒத்துவரும் என்று போனில் தேடிக்கொண்டிருக்கிறேன். தேடத் தேடக் குழப்பம்தான். டேக்வாண்டோ என்றால் காலைத் தலை உயரத்துக்கு வீச வேண்டும். என் கால் இடுப்பு வரை வந்தாலே அம்மா திருஷ்டி சுற்றிப் போடுவாள். பிரேசிலியன் ஜியு-ஜிட்சுக்காரர்கள் கட்டிப் புரண்டு கழுத்தை நெரிக்கிறார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த பார்க்கிங்கில் தரை முழுக்க ஜல்லி. களரி என்று தேடினால் வடகரை மீனாட்சி அம்மா வருகிறார், 2017இல் பத்மஸ்ரீ வாங்கியவர், எழுபதைத் தாண்டியும் வாளோடு பாய்கிறார். ஏழு வயதில் தொடங்கியவராம். நான் 35 வருஷம் லேட்.

எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வி, தெருவில் அடிதடி என்று வந்தால் எது வேலைக்கு ஆகும். கராத்தேக்காரன் குங்ஃபூக்காரனைத் திட்டுகிறான், பாக்ஸிங்காரன் ரெண்டு பேரையும் திட்டுகிறான். நானும் அதைத்தானே தேடுகிறேன் என்று நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது. கண்ணை மூடினால் புல்லட்காரன் அதே இடத்தில் வந்து நிற்கிறான், நான் அவன் கையைப் பிடித்து முறுக்குகிறேன், பையன் பார்க்கிறான். தினம் நாலு காட்சி ஓடுகிறது இந்தப் படம்.

ஜூலை 7, ஞாயிறு

கராத்தே. கல்யாண மண்டபத்து மொட்டை மாடி. நாற்பது பிள்ளைகள், அதில் பெரியவனுக்கே பதிமூன்று வயது இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாக்கள். நான் ஓரமாக நின்றேன். மாஸ்டர் சிரித்துக்கொண்டே வந்து, "பையனைச் சேர்க்கணுமா சார்?" என்றார்.

"ஆமாம்" என்று சொல்லிவிட்டேன்.

பையன் பெயரில் விண்ணப்பத் தாள், மாதக் கட்டணம், பெல்ட் தேர்வுக்குத் தனிக் கட்டணம், எல்லாம் விளக்கினார். தலையாட்டிக்கொண்டே கேட்டேன். தாள் சட்டைப் பையில் இருக்கிறது.

ஜூலை 8, திங்கள்

புல்லட் சத்தம். எட்டிப் பார்த்தேன். வேறு யாரோ.

ஜூலை 11, வியாழன்

வியாசர்பாடிப் பக்கம் ஒரு பாக்ஸிங் கூடம். ஆபீஸ் முடித்து நேராகப் போனேன். தகரக் கூரை, நாலு மணல் மூட்டை, வியர்வை நாற்றம். இங்கே என்னை யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை. அதற்கே கும்பிடலாம். கையில் சுற்றும் துணி நாலரை மீட்டர். கட்டைவிரல், மணிக்கட்டு, முட்டி, மறுபடி மணிக்கட்டு என்று ஒரு பொடியன் பொறுமையாகச் சுற்றிவிட்டான். மூன்று நிமிஷம் ஸ்கிப்பிங், ஒரு நிமிஷம் ஓய்வு. மூன்று நிமிஷம் இவ்வளவு நீளம் என்று எனக்கு இதுவரை தெரியாது.

அப்புறம் மாஸ்டர், தாடையை இறக்கு, கன்னத்தைத் தோளுக்குப் பின்னால் மறை என்றார். கன்னம் என்றதும் எனக்கு ஒரு மாதிரி ஆனது. கையில் மாட்டும் பேடை மெதுவாக என் முகத்துப் பக்கம் வீசினார், அடிக்கக்கூட இல்லை, சும்மா வீசினார். "இன்னா சார் கண்ண மூடிக்கிற? அடிய பாத்தாதான வெலக முடியும்?"

பத்துத் தடவை வீசினார். பத்துத் தடவையும் மூடினேன்.

அன்றைக்கும் மூடித்தான் இருந்திருக்கிறேன். அதனால்தான் கை வந்ததே ஞாபகமில்லை, சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

தலை வார முடியவில்லை. கை தோளுக்கு மேல் போக மறுக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

மாநகராட்சி மைதானத்தில் காலை ஆறு மணிக்குச் சிலம்பம். ஆசான் ஒரு கம்பை என் பக்கத்தில் நிறுத்தி, நெற்றி உயரம் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தார். கொடுத்த உடனே திரும்ப வாங்கிக்கொண்டார். முதலில் காலடி. ஒரு மணி நேரம் வெறும் கால்தான், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, திரும்பு. கடைசிப் பத்து நிமிஷம் கம்பு கைக்கு வந்தது. சுற்றத் தெரியாமல் சுற்றியதில் கட்டைவிரல் கவட்டில் தோல் உரிந்துவிட்டது, இப்போது சாம்பார் பட்டால் உயிர் போகிறது.

பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன்கள் சான்றிதழ் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அரசு வேலையில் விளையாட்டுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறதே. நல்ல விஷயம்தான். அவர்களுக்காவது எதற்கு வந்தோம் என்று தெரிகிறது.

ஆசானிடம் கேட்டே விட்டேன், தெருவில் ஆறடிக் கம்போடு யார் போவது என்று. அவர் கோபப்படவில்லை. "தெருவுல யாரத் தேடுறீங்க தம்பி?"

பிடித்திருந்தது. கம்பு பிடித்திருந்தது, அந்த நேரம் பிடித்திருந்தது, ஆசானை ரொம்பவே பிடித்திருந்தது. அந்தக் கேள்விக்கப்புறம் போக முடியவில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. புதுசாக எதையும் ஆரம்பிக்காதே என்கிறாள் அம்மா. எனக்கு உள்ளூர நிம்மதி.

ஜூலை 20, சனி

ஆடியில் ஆரம்பிக்கத்தான் கூடாது, வேடிக்கை பார்க்கலாம். ஜூடோ. உள்ளே நுழைந்ததும் சத்தம். பட், பட், பட். விறைத்து நின்றுவிட்டேன். இருபது பேர் மல்லாக்க விழுந்து, விழுகிற அதே நொடியில் இரண்டு கையாலும் கீழே விரித்த பயிற்சி மெத்தையை அறைகிறார்கள். அதே சத்தம். உள்ளங்கைச் சத்தம்.

போய்விடலாம் என்று செருப்பைத் தேடினேன். பயிற்சியாளர் அம்மா ஒருத்தர், ஐம்பது வயது இருக்கும், உட்காருங்க என்றார். விழுவதைத்தான் முதலில் கற்றுத்தருவார்களாம், அதற்கு உகேமி என்று பெயர். கை முதலில் மெத்தையை அறைந்தால் விழுகிற வேகம் கையோடு சிதறிவிடும், முதுகுக்கு மிச்சம் கொஞ்சம்தான். தலை தரையில் மோதாமல் இருக்க, விழும்போது இடுப்பு பெல்ட்டின் முடிச்சைப் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டும் என்றால் கண் திறந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து படித்தேன். 1882இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ சின்ன வயதில் மற்ற பையன்களிடம் அடி வாங்கிய ஒல்லி ஆள். அதற்கப்புறம்தான் கற்றுக்கொள்ளவே போயிருக்கிறார். இதை ஏன் எனக்கு யாரும் முதலிலேயே சொல்லவில்லை?

ஆனால் முழங்கால்? 42 வயதில் விழுந்து எலும்பு முறிந்தால் லீவு எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது? பதினொன்று.

ஜூலை 23, செவ்வாய்

சட்டையைத் துவைக்கப் போட்டபோது அந்தத் தாள் பையன் கையில் கிடைத்துவிட்டது. தன் பெயரைப் பார்த்துவிட்டு வந்து நின்றான்.

"நான் கராத்தே கத்துக்கிட்டு அந்த அங்கிள அடிக்கணுமாப்பா?"

இல்லடா என்றேன். அப்புறம் ஏன் என் பேர் என்றான்.

ஜூலை 24, புதன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஜூடோவுக்கு இந்தியாவிலிருந்து ஒரே ஆள், துலிகா மான். கியூபாவின் இடாலிஸ் ஓர்டிஸிடம் முதல் சுற்றிலேயே போய்விட்டது, அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பையனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். "அவ்ளோதானா?" என்றான். அவ்வளவுதான். எழுந்து, பெல்ட்டைச் சரிசெய்து, தலை குனிந்து வணக்கம் வைத்துவிட்டுப் போக வேண்டும், அது விதி. அவன் அதை மட்டும் இரண்டாம் முறை போடச் சொன்னான்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. இன்றைக்கு எது தொடங்கினாலும் பெருகும் என்று அம்மாவே சொன்னாள். எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம் எல்லாம் ஒரு கட்டு கட்டிவிட்டு யாராவது விழப் போவார்களா? போனேன். பணம் கட்டினேன். வெள்ளை உடுப்பு தொளதொளவென்று, சமையல் மாஸ்டர் மாதிரி இருந்தேன்.

நின்று விழவில்லை. முதலில் படுத்தபடி கையை அறை, அப்புறம் குந்தி உட்கார்ந்து பின்னால் சாய். ஐம்பது தடவை. உள்ளங்கை சிவந்து எரிந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பின்கழுத்து வலிக்கிறது. முடிச்சைப் பார்க்க மறந்த இரண்டு தடவைக்கான கூலி.

ஆகஸ்ட் 24, சனி

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி என்னை விழத்தட்டினாள். காலைத் தட்டி, சட்டைக் கையைக் கடைசி வரை விடாமல் பிடித்து, மெதுவாகத்தான் போட்டாள். ஒவ்வொரு தடவையும் "சாரி அங்கிள்". ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ முடிச்சு தெரிந்தது. வெள்ளை பெல்ட், ஒரு முனை நீளம், ஒரு முனை குட்டை. நான்தான் தப்பாகக் கட்டியிருக்கிறேன்.

வீட்டில் பையன் மெத்தையைக் கீழே இழுத்துப் போட்டு விழுந்து காட்டு என்கிறான். கீழ் வீட்டுக்காரர் இரண்டு தடவை மேலே வந்துவிட்டார்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மாவு மில் வாசலில் அந்த புல்லட். நம்பர் அதேதான். எனக்கு முன்னால் நாலு பேர், நாலாவதாக அவர். கோதுமை டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் நின்றேன்.