ஐப்பசி நாட்குறிப்பு

நவம்பர் 3

அப்பாவின் பரிசோதனை ரிப்போர்ட் வரவில்லை. வெள்ளிக்கிழமை என்றார்கள். இப்போது புதன் என்கிறார்கள்.

நவம்பர் 4

இரவு ஒரு மணிக்கு அப்பா கூப்பிட்டார். "கண்ணு, தூக்கம் வரல. ராஜாஜி புத்தகத்தை எடுத்து வாசி."

1959-ஐ வாசித்தேன். ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ், நிலங்களை ஒன்றாகச் சேர்த்து உழும் கூட்டுப்பண்ணைக்குத் தீர்மானம் போடுகிறது. ஜூன் மாதம் சென்னையில் சுதந்திராக் கட்சி பிறக்கிறது. ரங்கா தலைவர், கூடவே மசானி, முன்ஷி. ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்தவர், இரண்டு முறை இங்கே முதல்வராகவும் இருந்து இறங்கியவர். போதும் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நேரு எதிரே நிற்கும்போது புதுக் கட்சி தொடங்குகிறார், எண்பது வயதில்.

அப்பாவுக்கும் எண்பதுதான்.

நவம்பர் 5

புதனும் போயிற்று. அண்ணன் போனில் கத்தினான், என்னிடம்தான். யாரிடம் கத்துவான் பாவம்.

நவம்பர் 6

இன்று அப்பாவுக்குக் குரல் நன்றாக இருந்தது. 1967 பற்றிக் கேட்டேன்.

ஆத்தூர்ப் பக்கம் சுவர் சுவராகச் சுதந்திராக் கட்சியின் நட்சத்திரச் சின்னம் வரைந்தாராம், சுண்ணாம்பில் நீலம் கலந்து. தாத்தா சொல்லித்தான் போனார். கூட்டுப்பண்ணை வந்தால் வரப்பே இருக்காது என்று தாத்தாவுக்குப் பயம். லைசென்ஸ், பர்மிட், கோட்டா என்று ராஜாஜி அடுக்கிக்கொண்டே போவது அவருக்குப் பாதிதான் புரியும். நிலம் உன்னுடையது, அதில் அரசாங்கத்துக்கு வேலை இல்லை என்பது முழுசாகப் புரிந்தது.

தி.மு.க. கூட்டணியில் சுதந்திராவுக்குச் சட்டசபையில் 20 பேர். மக்களவையில் 44, எதிர்க்கட்சிகளில் அதுதான் பெரியது. 1937-ல் முதல்வராகி, பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்தவர்களைச் சிறையில் போட்டவர் ராஜாஜி. முப்பது வருடம் கழித்து அந்த எதிர்ப்பில் வளர்ந்தவர்களோடு ஒரே மேடையில், அதே இந்திக்கு எதிராக! இது சந்தர்ப்பவாதம் என்று நான் நினைக்கவில்லை. அன்று செய்தது தப்பு. 1967-ல் நின்ற இடம் சரி.

மாலை மறுபடி காய்ச்சல். 100.4.

நவம்பர் 8

நேற்று முழுக்க ஒரே விஷயம் தலைக்குள் ஓடியது. எழுதித் தீர்க்கிறேன்.

1952-ல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸுக்கு 375-ல் 152 இடம்தான். ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, தேர்தலில் நிற்காமலேயே முதல்வராக்கினார்கள். அவரும் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். ரேஷன் கெடுபிடி போனது, ஜனங்கள் மூச்சுவிட்டார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். அடுத்த வருடமே தொடக்கப்பள்ளித் திட்டம். கிராமத்துப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் வகுப்பு, மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். குலக்கல்வி என்று ஊரே கொதித்தது. 1954 ஏப்ரலில் காமராஜ் வந்தார், அந்தத் திட்டத்தை எடுத்தார்.

அந்த 1953-ல் என் அப்பா மூன்றாம் வகுப்பு.

"அந்த வருசம் பாதி நாளு மாட்டோடதான் போச்சு கண்ணு" என்கிறார், கோபமே இல்லாமல். எனக்குத்தான் அடங்கவில்லை. விவசாயியின் நிலத்தில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்று எண்பது வயதில் கட்சி கட்டியவர், அதே விவசாயியின் பிள்ளைக்கு மத்தியானம் என்ன செய்ய வேண்டும் என்று தானே முடிவு செய்தாரே! நாற்காலியில் இருந்தபோது மறந்தது, நாற்காலி போன பிறகு நினைவுக்கு வந்ததா? எனக்கு அப்படித்தான் படுகிறது. பதவியில் இருந்த ராஜாஜியைவிட, கையில் ஒன்றும் இல்லாமல் 'சுயராஜ்யா' பத்திரிகையில் வாராவாரம் எழுதிக்கொண்டிருந்த கிழவரைத்தான் நான் மதிக்கிறேன்.

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

நவம்பர் 9

இரண்டு இட்லி சாப்பிட்டார்.

நவம்பர் 11

வாஷிங்டன், செப்டம்பர் 1962. ராஜாஜிக்கு வயது 83. அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கென்னடியிடமே நேரில் சொல்லப் போகிறார். இடதுசாரிகளை ஜென்ம எதிரியாக நினைத்தவர், அமெரிக்காவிடம் போய் உங்கள் குண்டும் தப்புதான் என்கிறார். இந்த இடத்தை அப்பா இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

ஆய்வகத்தில் போனை எடுக்கவே இல்லை.

நவம்பர் 13

அப்பா கோபமாக இருக்கிறார். மருந்து வேண்டாமாம், என்னை விடு என்கிறார். வாசிக்கவும் கூடாதாம்.

நான் எனக்காக 1971-ஐப் படித்தேன். ராஜாஜி காமராஜோடு சேர்ந்து தேர்தலில் தோற்ற வருடம். மதுவிலக்கை எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்கிறார். 92 வயது. இந்தச் சேலம் ஜில்லாவில்தான் 1937 அக்டோபர் 1-ம் தேதி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். ஆகஸ்ட் 30-ம் தேதி கடைகள் திறந்துவிட்டன. கேட்டதற்குப் பலன் இல்லை. ஆனாலும் போனார் பாருங்கள்.

மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

நவம்பர் 14

ரிப்போர்ட் மெயிலில் வந்துவிட்டது. அண்ணன் வரட்டும், அப்புறம் திறக்கலாம் என்கிறார் அப்பா.

அதுவரை 1972-ஐ வாசிக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். டிசம்பர் 25-ல் என்ன நடந்தது என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வேதாரண்யம் உப்பு யாத்திரையை வாசிக்கிறேன் என்றேன். "அதுல நடை ஜாஸ்தி" என்றார். சரி, 1930, ஏப்ரல் 13, திருச்சி. அண்ணன் வண்டி இப்போதுதான் ஜோலார்பேட்டை தாண்டியிருக்கிறதாம்.