ஒன்றரை ஷிப்டின் கணக்கு

திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தைக்கும் ஒரு பனியன் கம்பெனியில், வருகைப் பதிவும் சனிக்கிழமைக் கூலிக் கணக்கும் எழுதும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். அங்கே கூலியை மணிக்கணக்கில் பேசுவதில்லை. இடைவேளை போக எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். அதற்கு மேல் நான்கு மணி நேரம் இருந்தால் ஒன்றரை. சரக்கு கப்பலேறும் தேதி நெருங்கிவிட்டால் விடிய விடிய இரண்டு. காலை எட்டரைக்கு மிஷினில் உட்காரும் டெய்லர் இரவு ஒன்பதரைக்கு மேல் எழுவதை யாரும் மிகைநேரமாக நினைப்பதே இல்லை.

சுரண்டல் என்றவுடன் அதட்டும் சூப்பர்வைசரைத்தான் தேடுகிறோம். அவரும் இருந்தார், டெய்லருக்கு உதவியாக இருக்கும் கைமடிப் பெண்கள் கழிப்பறைக்குப் போய்வரும் நேரத்தைக்கூட அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அதைவிடப் பெரிய பறிப்பு நான் எழுதிய கூலிப் பதிவேட்டில் இருந்தது. அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 59-ஆம் பிரிவின்படி, நாளுக்கு 9 மணி நேரத்தையோ வாரத்துக்கு 48 மணி நேரத்தையோ தாண்டிய வேலைக்கு இரட்டிப்புக் கூலி தரச் சொன்னது. ஆறு நாளும் ஒன்றரை பார்த்தவர் 72 மணி நேரம் உழைத்திருப்பார். மிகையான 24 மணி நேரத்தை இரட்டித்தால் அவருக்குச் சேர வேண்டியது 12 ஷிப்ட் கூலி, கவரில் இருந்ததோ 9.

இத்தனைக்கும் ஒன்றரையைக் கேட்டு வாங்கியவர்கள் தொழிலாளர்களே. ஒற்றை ஷிப்ட் கூலியில் லைன் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் அடங்காது என்பதால், வேலை குறைந்தால் ஒன்றரை ஓடுகிற கம்பெனியாகப் பார்த்து மாறிவிடுவார்கள். முதலாளிகள் அதையே விருப்பம் என்று சொல்லிக்கொண்டார்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று கைவிடப்பட்டபோது, எனக்குத் தெரிந்த தையல் வரிசைகளில் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் எந்த மசோதாவும் இல்லாமலே வழக்கத்தில் இருந்தது.

தொழிலாளர்களின் வேலை நிலைமையைச் சோதிக்க வெளிநாட்டு பிராண்டின் ஆடிட்டர் வரும் நாளில் மேசையில் வேறொரு பதிவேடு இருக்கும். அதில் எல்லோரும் மாலையிலேயே வீட்டுக்குப் போயிருப்பார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவுமின்றி, உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டில் தைத்த கான்ட்ராக்டர் ஆட்களுக்கு அன்று விடுமுறை, கூலியில்லாத விடுமுறை. ஆடிட்டர்கள் ஏமாந்தார்கள் என்று நான் நம்பவில்லை. ஓர் உருப்படியின் தையல் நேரத்தை நொடிக்கணக்கில் பேசி விலையைக் குறைக்கும் பிராண்டுக்கு, அத்தனை ஆயிரம் உருப்படிகளை ஒற்றை ஷிப்டில் அந்தத் தேதிக்குள் தைத்து முடிக்க முடியாது என்பது எப்படித் தெரியாமல் போகும்?